பல்லுக்காரன் அடைத்த இடைவெளி

இதில் எது எவ்வளவு சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் இருவர், கணவனும் மனைவியும். இருவரும் அன்று ஒரே வீட்டில், பத்தடி தூரத்துக்குள் இருந்தவர்கள்தான். ஆனாலும் பெரியவர் தன் மருமகனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை எது என்பதில் இருவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ‘எங்கே’ என்கிறான் அவன். ‘எவன்டா’ என்கிறாள் அவள். கேட்டுக் கேட்டு எனக்கே இப்போது இரண்டையும் காதால் கேட்டதுபோல இருக்கிறது. நாட்களின் வரிசையும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். அந்த விமானம் மட்டும் நிச்சயம். அதை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

மருமகன் பல் செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புகிற லேப்பில் பதினாறு வருடமாக வேலை. மாமனார் அவனுக்கு வைத்த பெயர் பல்லுக்காரன். மகள் தானாகவே அவனைத் தேர்ந்துகொண்டு வந்து நின்ற நாளில் வைத்த பெயர் அது. “ஊரான் எச்சில் பல்லை நோண்டுறவன்தான் கெடச்சானா உனக்கு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருடம். பகை என்றும் சொல்லிவிட முடியாது. வருவார், சாப்பிடுவார், பல்லுக்காரன் வாங்கிக் கொடுத்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். ஆனால் அவனிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. எதிரில் அவன் உட்கார்ந்திருக்கும்போதே, “விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு” என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அவள் கரண்டியோடு வந்து, “விளக்கைத் தள்ளி வைக்கணுமாம்” என்பாள். அவன் தள்ளி வைப்பான். விளக்கு இருந்தது அவன் முழங்கைக்குப் பக்கத்தில்.

அவள் ஆஸ்பத்திரியில் வரவேற்பு முன்மேசையில் வேலை பார்க்கிறவள். “நாள் பூரா டாக்டர் சொன்னதை நோயாளிக்கும், நோயாளி சொன்னதை டாக்டருக்கும் சொல்லிட்டு வர்றேன். வீட்டுலயும் அதேதானா? என்னை என்ன தபால் பெட்டின்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?” என்று வாரம் ஒருமுறையாவது வெடிப்பாள். அப்பா பேப்பரைப் புரட்டுவார். கணவன் நகத்தைப் பார்ப்பான்.

அந்த முறை பெரியவர் வந்தது இரண்டு மாதத்துக்கு. முழங்கால் போய்விட்டது, தனியாக இருக்க முடியாது என்று ஆகி, மகன் தன் வீட்டில் தரைத்தளத்திலேயே அவருக்கு ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தான். அது முடிந்ததும் அங்கே போய்விடுவார். ஆறு மணி நேரப் பயணம். அப்புறம் திரும்ப வருவது என்பது இந்த முழங்காலோடு நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றின் அடியில் அது இருந்தது. போர் விமானம் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரி. உள்ளே துண்டு துண்டாக இருக்கும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். பெரியவர் விமானப் படையில் இருபத்தாறு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். ஓட்டியவர் இல்லை. ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன்னால் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, தட்டி, தடவி, குனிந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிறவர். அவர் பார்த்த அதே ரக விமானத்தின் மாதிரியைக் கூட இருந்தவர்கள் ஓய்வுபெற்ற நாளில் கொடுத்திருக்கிறார்கள். ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. டேப் மஞ்சளாகிப் போயிருந்தது.

“நீங்க இதைச் செஞ்சு குடுங்களேன்” என்றாள் அவள். “உங்க கைக்கு இது ஒரு வேலையா? கையில வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமலா போயிடுவாரு?”

பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை அவன் படித்தான். “நூத்திப் பன்னெண்டு துண்டு. ஒரு வார்த்தைக்கு.”

“பதினோரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா கொறச்சல்தான்.”

அவள் போய் அப்பாவிடம் கேட்டாள். அவர் பேப்பரைப் புரட்டினார். அந்த வீட்டில் பேப்பரைப் புரட்டினால் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்தான். நாலடி தள்ளி நாற்காலியில் மாமனார். பேப்பர் முகத்துக்கு நேராக இருக்கும். ஆனால் ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் யாரும் படிப்பதில்லை.

எதுவும் சுலபமாக நடக்கவில்லை. இத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்ததில் துண்டுகள் லேசாக வளைந்திருந்தன. உடலின் இரண்டு பாதிகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் கோணிக்கொண்டன. முன் சக்கரத்தின் கால், அரிசி நீளம்கூட இருக்காது, இடுக்கியிலிருந்து தெறித்து எங்கோ போனது. அவனும் அவளும் தரையில் தவழ்ந்து அரைமணி தேடினார்கள். ‘போகட்டும்’ என்று அவன் எழுந்தபோது, மாமனார் பேப்பரை இறக்காமலே செருப்புக் காலை மெல்ல நகர்த்தினார். செருப்பின் நுனியில் அந்தச் சக்கரக் கால் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ.

“பாத்தீங்களா, எடுத்துக் குடுத்தாரு” என்றாள் அவள், அப்பா உள்ளே போனதும் காதோரமாக.

“செருப்பால குடுத்தாரு.”

அடுத்த வாரம் உடலை ஒட்டுவதற்கு முன் அவர் சமையலறையைப் பார்த்துச் சொன்னார்: “மூக்குக்குள்ள கனம் வைக்கச் சொல்லு. இல்லேன்னா வாலை ஊனி நாய் மாதிரி உக்காந்துக்கும்.”

“மூக்குக்குள்ள கனம் வைக்கணுமாம்.”

“பல் உலோகத் துண்டு ஆறு கிராம் வச்சாச்சுன்னு சொல்லு.”

“வச்சாச்சாம்ப்பா.”

“எதோட உலோகம்?”

“எதோட உலோகம்னு கேக்கறாரு.”

“பல்லுக்கு வார்த்ததுல மிச்சம்.”

பேப்பருக்குப் பின்னால் ஒரு நீண்ட மூச்சு. அவ்வளவுதான்.

ஒட்டிய பிறகு உடலுக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு நூல் அளவுக்குச் சந்து தெரிந்தது. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. அவன் தொழிலில் சந்து என்பது குற்றம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே முடி நுழைகிற அளவு இருந்தால்கூட அங்கே சாப்பாடு போய் மாட்டும், நாறும், டாக்டர் போன் பண்ணித் திட்டுவார். சந்து அடைக்கக் கடையில் விற்கும் பட்டிப் பசையை அவன் நம்பவில்லை. லேப்பிலிருந்து பல் செட்டுக்குப் போடும் பொடியும் திரவமும் கொண்டுவந்து குழைத்து அடைத்தான். அது ஈறு நிறம். போர் விமானத்தின் விலாவில் இரண்டு பக்கமும் ரோஸ் கலரில் ஈறு முளைத்தது.

பேப்பர் இரண்டு அங்குலம் இறங்கியது. “விமானத்துக்கு எதுக்கு ஈறுன்னு கேளு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வியைக் கடத்தாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தைக்காக மாடாக உழைத்தால் இந்த மனிதருக்குக் கேலி செய்யவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சுக்குள் புகைந்தது. அந்தக் கோபத்தில் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியை அவசரப்பட்டு உடனடிப் பசையால் ஒட்டினான். அந்தப் பசை உலரும்போது விடும் ஆவியில் கண்ணாடி முழுதும் பனி படிந்ததுபோல வெளுத்தது. கழற்றி, தேய்த்து, தெளிவாக்கி மறுபடி வைக்க ஒரு வாரம் போனது.

மைத்துனன் போன் செய்தான். அறை முடிந்துவிட்டது, அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கார் கொண்டுவருகிறேன் என்றான். பாக்கி வேலையைப் பல்லுக்காரன் லேப்புக்கு எடுத்துப் போனான். அங்கே மோட்டார் இருக்கிறது, பளபளப்பாக்கும் சக்கரம் இருக்கிறது. முக்கியமாக, அங்கே பேப்பர் இல்லை.

லேப்பில் அவனுக்குப் பக்கத்து மேசையில் பீங்கான் பல் செய்கிற அக்கா. வாயைத் திறந்தால் மூடமாட்டாள், ஆனால் பீங்கான் பூசும் தூரிகை மட்டும் பிசகாது. மதிய இடைவேளையில் அவன் விமானத்தின் வாலைப் பொருத்துவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

“என்னடா, ராணுவத்துக்குப் பல் செட்டா?”

“மாமனாருக்குக்கா.”

“அவருக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல்லுன்னு சொன்னே.”

வாலின் இரண்டு பக்கமும் கிடைமட்டமாக ஒவ்வொரு சின்ன இறக்கை. அதை ஒரு முளையில் செருகினால், உடலில் ஒட்டாமல், நடுவே ஒரு சந்தை விட்டு நின்றது. அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. முளைக்கு ஒரு விளிம்பு கட்டி வேண்டுமென்றே தள்ளி நிறுத்தியிருப்பதுபோல இருந்தது. இவ்வளவு நேரம் கோணலையும் வளைவையும் பார்த்துப் பார்த்து அவனுக்கு அந்தக் கம்பெனிமேலேயே நம்பிக்கை போயிருந்தது.

“இதையும் ஒழுங்கா அச்சு எடுக்கல, பாருங்கக்கா.”

“விட்டுடேன். அதுல யாரு மெல்லப் போறா?”

விடவில்லை. பொடியைக் குழைத்து இரண்டு பக்கமும் அடைத்தான். காய்ந்ததும் தேய்த்தான். சக்கரத்தில் கொடுத்து மழுக்கினான். நகம் வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. எங்கே உடல் முடிகிறது, எங்கே வால் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மேலே சாம்பல் வண்ணம் அடித்தபோது, பதினாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை என்று அவனுக்கே தோன்றியது.

சனிக்கிழமை காலை, மாமனாரின் முன்னால் இருந்த ஸ்டூலில் அதை வைத்தான். விமானம் மூன்று காலில் நேராக நின்றது. அவள் சமையலறை வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

பெரியவர் பேப்பரை மடித்தார். நாலாக மடித்து, தொடைமேல் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். விமானத்தை எடுத்தார். முதலில் மூக்கு. பிறகு கட்டைவிரல் நகத்தை உடலின் ஓரமாக வைத்து மெதுவாகப் பின்னால் கொண்டுபோனார். அது அவர் பார்க்கிற முறை என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் வாங்கிக் கொடுத்த சைக்கிளைக்கூட அப்படித்தான் பார்ப்பார். நகம் இறக்கையைத் தாண்டியது. வாலுக்கு வந்தது. தாண்டியது. நின்றது. திரும்பி வந்து அதே இடத்தில் தேடியது. விமானத்தைப் புரட்டி மறுபக்கமும் தேடினார்.

“எங்கே?”

அப்படித்தான் என்கிறான் அவன். இல்லை, முகம் சிவந்து, “எவன்டா இதை அடச்சது?” என்றுதான் முதலில் கேட்டார் என்கிறாள் அவள். எதுவானாலும், கேட்டது அவன் கண்ணைப் பார்த்து.

பதினோரு வருடம் காத்திருந்த வார்த்தை இதுதான் என்று அவனுக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. உறைத்ததும் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“நான்தான் மாமா அடச்சேன். வேற எவன்? சந்து இருந்துச்சு.”

“சந்து இருந்துச்சா? அது சந்தா? அதுலதான்டா வால் திரும்பும்! மொத்த வாலும் அசையணும். இதை அடச்சுட்டு ஏறினா மூக்கைத் தூக்க முடியாது. நேரா போய்த் தரையில செருகும்!”

“இது ஏறாது மாமா. பிளாஸ்டிக்.”

“ஏறாதுன்னா அடப்பியா? நாளைக்கு எவன் வாயையாவது மொத்தமா அடச்சுட்டு, மெல்லமாட்டான்னு சொல்லுவியா?”

“ரெண்டு மாசமா உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? வாயைத் தொறந்து, ஒரு தடவை?”

“லேப்புல கொண்டுபோய் ஒளிச்சு வச்சு ஒட்டிட்டு, என்னைக் கேக்கறியா?”

“அப்பா…” என்றாள் அவள். இரண்டு பேருமே அவள் பக்கம் திரும்பவில்லை. முதன்முறையாக அவளை யாரும் நடுவில் கூப்பிடவில்லை.

பெரியவர் மேசையிலிருந்த கத்தியை எடுத்தார். அவர் கை நடுங்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அவர் அதைச் சொல்வதில்லை, மற்றவர்களும் பார்க்காததுபோல இருப்பார்கள். “மாமா, குடுங்க, நான்” என்று அவன் கை நீட்டுவதற்குள் முனையை அந்த அடைப்பில் வைத்து அழுத்திவிட்டார். அடைப்பு கல்லாக இருந்தது, கடிப்பதற்காகச் செய்த பொருள். கத்தி வழுக்கி வண்ணத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்தது. சாம்பலுக்கு அடியில் ரோஸ் தெரிந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நடுங்கிய கையை மற்றொரு கைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

பிறகு அவர் மகளைப் பார்த்துச் சொன்னார். “ஒரு நாள் பாக்காம கையெழுத்துப் போட்டேன். தொடைக்கிற துணி ஒண்ணு இந்தச் சந்துக்குள்ள சொருகிக்கிட்டு இருந்திருக்கு.”

“அப்புறம்?” என்றாள் அவள்.

“அப்புறம் என்ன. துணி காத்துல பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. விமானம் வந்துடுச்சு. யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் மூணு நாள் சாப்பாடு இறங்கல.”

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பெரியவர் சட்டை மாட்டி, செருப்புப் போட்டு, விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். “லேப்புக்குப் போலாமான்னு கேளு” என்றார் மகளிடம்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “நேத்து நேராத்தானே பேசினீங்க!”

“நேத்து கோவம்.”

பூட்டியிருந்த லேப்பைத் திறந்தான் பல்லுக்காரன். பெரியவர் பீங்கான் அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுற்றிலும் அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். அவற்றை ஒன்றொன்றாகப் பார்த்தார். முன்னால் இருந்த செட்டை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நகத்தை வைத்து இழுத்தார். நகம் வழுக்கிக்கொண்டு போனது. அதே எண்ணின்மேல் திருப்பி வைத்தார்.

அவன் மோட்டாரில் வெட்டும் தட்டை மாட்டினான். காகிதம்போல மெல்லிய தட்டு. இடது பக்க அடைப்பில் வைத்து, பொடி பறக்க, மயிரிழை மயிரிழையாக அறுத்தான். சந்து திறந்தது. பெரியவர் கையை நீட்டி எதையோ தேடினார். அந்தக் காலத்தில் இந்தச் சந்துக்குள் தகடு விட்டு அளப்பாராம். அவன் புரிந்துகொண்டு, பல் கடி பார்க்கிற நீல மைத்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னால், எந்தப் பல் உயரமோ அதில் நீலம் ஒட்டும். பெரியவர் அதைச் சந்தின் ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எடுத்தார். கை நடுங்கியது, தாள் நடுங்கவில்லை.

“போகுது” என்றார். அவனிடம் சொன்னாரா, விமானத்திடமா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. மைத்துனன் சீக்கிரமே வந்துவிட்டான். பிற்பகல் மழை என்கிறார்கள், உடனே கிளம்ப வேண்டுமாம். பல்லுக்காரன் அவசரமாக வலது பக்கத்தை அறுத்தான். தட்டு ஒரு கணம் சிக்கியது. சிக்கி விடுபட்டபோது அந்தச் சின்ன இறக்கையை முளையோடு பிடுங்கி வீசிவிட்டது. சுவரில் பட்டு, பிளாஸ்டர் மூட்டைகள் அடுக்கிய பக்கம் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது.

மூட்டைகளை நகர்த்தினான். வெள்ளைத் தூளில் முட்டிபோட்டுக் கையால் துழாவினான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவர் முழங்கால் மடங்காமல், நின்றபடியே செருப்பு நுனியால் மேசைக்கடியில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இந்த முறை செருப்பிலும் எதுவும் மாட்டவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று.

“ச்சே!” என்று அவன் தரையில் அறைந்தான். தலை முழுதும் வெள்ளைத் தூள்.

“ஒரு பக்கம் வாலோட குடுத்தா நான் எப்படி வாங்கறது?” என்றார் பெரியவர். அறையில் வேறு யாரும் இல்லை. ஆகவே அது அவனிடம்தான்.

விமானம் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தது என்று தெரியவில்லை. வீட்டு வாசலில் பெரியவர் காரில் ஏறி ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். அவர் மகளைப் பார்த்தார்.

“இன்னொரு பக்கத்தை முடிச்சா, தாள் விட்டுப் பாக்கச் சொல்லு.”

“தாள் விட்டுப் பாக்கணுமாம்” என்றாள் அவள், அழுகையும் எரிச்சலுமாக.

“சரின்னு சொல்லு” என்றான் பல்லுக்காரன்.

தொலைந்த இறக்கை கிடைக்கவேயில்லை. நான்கு நாளில் பல் செட்டுப் பொருளிலேயே புதிதாக ஒன்று செய்து, சந்து விட்டுப் பொருத்தி, சாம்பல் அடித்தான். போனில் மனைவி அப்பாவிடம் சொன்னாள். ரெண்டு பக்கமும் போகுதான்னு கேளு என்றார். போகுதாம் என்றாள். சரி என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் எல்லாம் அவள் வழியாகத்தான். ஒவ்வொரு வாரமும், பல்லுக்காரன் எப்படி இருக்கான்னு கேட்டேன்னு சொல்லு என்பார். அவரைப் போய்ப் பார்க்கும்போது விமானத்தையும் கொண்டுபோக வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். இரண்டு தடவை போனார்கள். இரண்டு தடவையும் உடைந்துவிடுமோ என்று பயந்து அதை வீட்டிலேயே விட்டுப் போனார்கள்.

பெரியவர் நான்கு வருடம் கழித்து மகன் வீட்டில், புது அறையில் இறந்தார். சாமான்களை ஒழித்தபோது மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஏதோ ஒரு நீலத் தாள் மடித்து வைத்திருந்ததாகவும், தொட்டதில் கையெல்லாம் மை ஒட்டிக்கொண்டதாகவும், தூக்கிப் போட்டுவிட்டதாகவும் மைத்துனன் குறைப்பட்டுக்கொண்டான். பீங்கான் அக்கா தனியாக லேப் வைத்துவிட்டாள். அவன் பழைய இடத்திலேயே இருக்கிறான். அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் முன்மேசையிலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றல் கிடைத்தது. அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை, நிம்மதி என்கிறாள். மைத்துனன் அந்த அறையை வாடகைக்கு விட்டிருக்கிறான். விமானம் பல்லுக்காரன் வீட்டில் புத்தக அலமாரியின்மேல் நிற்கிறது. வால் பக்கம் கீறின இடத்துக்கு அவன் இன்னும் வண்ணம் அடிக்கவில்லை.